சகலையின் வெள்ளைக் கார்

ஒரு மனிதனின் காரை முன்னால் ஓடவிட்டு, அதன் சைலன்ஸரிலிருந்து ஒரு பொட்டுப் புகையாவது வராதா என்று மரக்காணத்திலிருந்து அனுமந்தை வரைக்கும் கண் எரியப் பார்த்துக்கொண்டே பின்னால் போனவன் நான். புகை வரவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு மீதியைச் சொன்னால், நான் ஏதோ பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பாடம் எடுக்க வந்தவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

அந்தக் காரும் என் காரும் கூடப் பிறந்தவை. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே மாதம் வெளியே வந்தவை. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். நடந்ததில் கம்பெனிக்கு ஒரு பங்கும் கிடையாது. புதுச்சேரியில் ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் ஆளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். ஆளுக்கொரு கார் வேண்டும் என்று ஒரே நாளில் போய் இரண்டு வாங்கினார்களாம். அவருக்கு வெள்ளை, அந்த அம்மாவுக்குச் சிவப்பு. ஐந்து வருஷம் ஓட்டிவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் மகனோடு போய் இருக்கப் போகிறோம் என்று இரண்டையும் விற்க வந்தார்கள்.

அந்தச் சேதியைக் கொண்டுவந்தவர் என் சகலை, என் மனைவியின் அக்கா புருஷன். அனுமந்தையில் போட் இன்ஜின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மணல், அதற்கப்புறம் கடல். மீன்பிடிக்கிறவர்களின் இன்ஜினைப் பிரித்து மேய்ந்தே நரைத்துப்போனவர். எந்நேரமும் அவர் நகக்கண்ணில் கறுப்பு இருக்கும். நானோ மரக்காணத்து உப்பள முதலாளி. குத்தகைக்கு எடுத்த அளம்தான் என்றாலும் முதலாளி முதலாளிதானே. எனக்கு வெள்ளை வேட்டி, அவருக்கு எண்ணெய் பிசுக்கேறிய கைலி. மாமனார் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தால், பார்க்கிறவர்களுக்கே யார் யார் என்று தெரிய வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை.

இரண்டு கார்களையும் பார்க்கச் சேர்ந்துதான் போனோம். சிவப்பு அப்படியே கண்ணைப் பறித்தது. அந்த அம்மா வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து வீடு என்று மட்டும் ஓட்டியிருக்கிறார். மீட்டரில் வெள்ளைக் கார் ஓடிய கிலோமீட்டரில் பாதிகூட ஆகவில்லை. சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையே கிழியவில்லை. வெள்ளைக் காரின் பின்கதவில் ஒரு ஒடுக்கு, கிளட்ச் இறுகிப் போயிருந்தது, ஏ.சி.யைப் போட்டால் பழைய துணி வாடை. சகலை இரண்டுக்கும் அடியில் தலையை விட்டுப் பார்த்தார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். சிவப்புக் காரின் பானட்டில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

"எனக்கு செகப்பு," என்றேன் நான், அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால்.

"எடுத்துக்க சகல. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்," என்றார்.

கையை எடுத்துக்கொண்டு வெள்ளைக் காரின் பக்கம் போய்விட்டார். அன்றைக்கு ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் என் சிவப்பு முன்னால் வந்தது, அவருடைய வெள்ளை பின்னால் வந்தது. கண்ணாடியில் அந்த ஒடுக்கு விழுந்த கார் சின்னதாகிக்கொண்டே போனதைப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. இதை மனைவி படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

காரை நான் வைத்துக்கொண்ட மாதிரி யாரும் வைத்திருக்க முடியாது. காலையில் ஆறு மணிக்கு, அளத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால், காருக்குக் குளியல். போர் சுவிட்சைப் போட்டு, ஹோஸ் பைப்பைப் பிடித்து, கூரையில் ஆரம்பித்து, கண்ணாடி, கதவு, சக்கரம், வண்டியின் அடிப்பாகம் என்று ஒரு அங்குலம் விடமாட்டேன். எங்கள் ஊரில் காற்றே உப்பு. வாசலில் தொங்குகிற பூட்டு ஒரே வருஷத்தில் திறக்காமல் போகும். ஆகவே ராத்திரி படிந்த உப்பைக் காலையிலேயே கழுவித் தள்ளிவிட வேண்டும் என்பது என் சித்தாந்தம். கழுவிய பிறகு துணியால் துடைக்க மாட்டேன், கீறல் விழும். அப்படியே வெயிலில் நிறுத்திக் காயவிடுவேன். காய்ந்ததும் அங்கங்கே வெள்ளையாகப் புள்ளி தெரியும். மெழுகு பாலிஷைக் கொஞ்சம் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். தெருவில் போகிறவர்கள் "புது வண்டியா?" என்று கேட்பார்கள். "அஞ்சு வருஷ வண்டி, ஆறு வருஷ வண்டி" என்று நான் சொல்லும்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதற்காகவே வாசலில் நிற்பேன்.

சகலையின் காரோ பார்க்கச் சகிக்காது. மேலே தூசி, கீழே எண்ணெய். கடையில் இன்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு, பெயின்ட் பிரஷ்ஷால் காரின் அடிவயிறு முழுக்கப் பூசுவார். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை. அந்த எண்ணெயில் ஊர் மணலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற சின்னச் சின்னத் துளைகளை ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி விடுவார். அனுமந்தையில் காருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் காட்ட மாட்டார். மாதம் ஒரு தடவை வானூர்ப் பக்கம் இருக்கும் மாமனார் வீட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போய், அங்கே பம்ப்செட் தொட்டி ஓரத்தில் நிறுத்திக் கழுவுவார்.

மாமியார் வீட்டில் போய்க் கார் கழுவுகிற மாப்பிள்ளையை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? எனக்கு மானம் போகும். காப்பி கொடுத்தார்களா, குடித்தோமா, வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தோமா என்று இருக்க வேண்டாமா? கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மாமனார் வரப்பில் நின்று பார்க்கப் பார்க்கக் கழுவுவது என்ன பழக்கம்? ஆனால் மாமனார் என்ன சொன்னார் தெரியுமா? என்னை நிற்கவைத்துக்கொண்டே சொன்னார்.

"பெரிய மாப்ளய பாருங்க. கொழந்தைய குளிப்பாட்டற மாதிரி குளிப்பாட்டறாரு."

தினமும் குளிப்பாட்டுகிறவன் பக்கத்தில் நிற்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை குளிப்பாட்டுகிறவருக்குப் பாராட்டு. அன்றைக்குத்தான் எனக்குள் அது முதலில் சுருக்கென்று தைத்தது என்று நினைக்கிறேன். அப்புறம் அது போகவேயில்லை.

மூன்று வருஷம் என் கைதான் ஓங்கியிருந்தது. நாலாவது வருஷத்தில் என் காரின் சைலன்ஸர் அரித்து விழுந்தது. மாற்றினேன். ஒன்றரை வருஷத்தில் புதியதும் போனது. கதவின் அடியோரத்தில் பெயின்ட் அம்மைக் கொப்புளம்போல எழும்பியது. தேய்த்துப் பூசினேன், பக்கத்தில் எழும்பியது. ஹாரன் ஊமையானது. பின்னால் டிக்கியைத் திறந்தால் ஒரு மாதிரி முனகும். சகலையின் காரில் இதில் ஒன்றும் கிடையாது. கிளட்ச் பிளேட்டை அவரே கழற்றி மாற்றிவிட்டார். அந்தத் துணி வாடைகூடப் போய்விட்டது. பின்கதவின் ஒடுக்கு மட்டும் அப்படியே இருந்தது. "ஒடுக்கு என்னா பண்ணுது, கெடக்கட்டும்" என்று விட்டுவிட்டார். எனக்கு அந்த ஒடுக்கு ஒன்றுதான் ஆறுதல். அவர் வீட்டுக்குப் போனால் முதலில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

மைலேஜ் விஷயம் தனிக்கதை. ஒரு தடவை இரண்டு குடும்பமும் மாமனார் வீட்டுக்குப் போகிறோம். ஒரே பங்க்கில் இரண்டு வண்டிக்கும் டேங்க்கை நிரப்பினோம். திரும்பி வந்து அதே பங்க்கில் நிரப்பியபோது அவருக்குக் குறைவாகவே பிடித்தது. என் டேங்க் நிரம்பும்வரை அந்த மீட்டர் ஓடிய ஓட்டத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "ஏ.சி. போட்டுக்கிட்டு வந்தேன், அதான்" என்றேன். அவரும் ஏ.சி. போட்டுத்தான் வந்தார். கண்ணாடிகள் ஏற்றியிருந்ததை நான் வழி நெடுகப் பார்த்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அதற்கடுத்த கோடையில், புதுச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பொம்மையார்பாளையத்துக்கு முன்னால் என் கார் சூடேறி நின்றுவிட்டது. ரேடியேட்டரிலிருந்து ஆவி. வெயில் மண்டையைப் பிளக்கிறது. பின்னால் சகலையின் கார் வந்து நின்றது. அவர் இறங்கி, பானட்டைத் திறந்து, ரேடியேட்டரின் கீழே விரலை வைத்துப் பார்த்தார். விரலோடு வெள்ளைப் பொடியும் துருவும் சேர்ந்து வந்தன.

"இதுல எந்தத் தண்ணி ஊத்தற?"

"வீட்டுத் தண்ணிதான்."

"போர் தண்ணியா? வண்டிக்கும் அதத்தான் ஊத்தறியா?"

"நல்ல தண்ணிங்க அது."

"ஊத்தாத சகல. ரேடியேட்டருக்கும் ஊத்தாத, மேலயும் ஊத்தாத. அது வண்டிய தின்னுடும். சும்மா ஈரத்துணியால தொடச்சி உட்டாலே போதும்."

இதை அவர் அக்கறையாகத்தான் சொன்னார். இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என் கார் பளபளவென்று இருப்பது இந்த மனிதனுக்குப் பொறுக்கவில்லை. கழுவாதே, துடைக்காதே, என்னுடையது மாதிரி அழுக்காகக் கிடக்கட்டும் என்கிறார். பொறாமை. சுத்தமான பொறாமை என்று முடிவு கட்டினேன்.

என் மனைவியையும் மகளையும் அவர் தன் காரில் ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டார். நான் மெக்கானிக்குக்காகச் சவுக்குத் தோப்பு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் மனைவி சொன்னாள்: "மாமா வண்டியில சத்தமே இல்லங்க. நம்ம வண்டியில உக்காந்தா தையல் மிஷின்ல உக்காந்த மாதிரி இருக்குது." அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கொண்டையிலிருந்து பூவை எடுத்தாள். மறுநாள் காலையில் ஹோஸ் பைப்பை எடுத்து வழக்கத்தைவிட அரைமணி நேரம் அதிகமாகக் கழுவினேன். யாருக்கோ காட்டுகிற மாதிரி, அடிப்பாகத்தை இரண்டு தடவை.

அந்தத் தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் பருப்பு வேகாது. தலைக்கு ஊற்றினால் முடி கயிறாகிவிடும். சமையலுக்கு கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம். இதெல்லாம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நான் அதை நல்ல தண்ணீர் என்றுதான் சொன்னேன், நினைத்தேன். பகல் முழுக்க அளத்தில் நிற்கிறவன் நான். பாத்தித் தண்ணீரைக் கையில் அள்ளி, நாக்கில் வைத்து, எத்தனை நாளில் உப்பு இறங்கும் என்று சொல்லிவிடுவேன். அந்த நாக்குக்கு வீட்டு போர் தண்ணீர் இளநீர்தான். அளத்தில் வேலை செய்கிறவர்களும் அப்படித்தான். "மொதலாளி வூட்டுத் தண்ணி நல்லா இருக்குது" என்று குடத்தில் பிடித்துக்கொண்டு போவார்கள். மற்ற ஊர்க்காரன் ஒரு வாய் வைத்தால் துப்புவான். எங்களுக்குத் துப்பத் தெரியாது.

இப்படியே வருஷங்கள் போய், மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வானூர்க்காரர். மண்டபமும் வானூரில். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பெண்ணை இங்கிருந்து காரில் அழைத்துப் போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் பெரிய கார் ஒன்று அனுப்புகிறோம் என்றார்கள். மகள் வேண்டாம் என்றுவிட்டாள்.

"நம்ம செகப்பு வண்டியிலதான் வருவேன். அப்பாதான் ஓட்டணும்."

அந்தக் கார் வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம், டியூஷன், கல்லூரி எல்லாம் அதில்தான். முன் சீட்டில் இடதுபக்கம் அவள் இடம். அவள் அம்மாகூடப் பின்னால்தான் உட்காருவாள். நிச்சயதார்த்தச் சபையில் அவள் அப்படிச் சொன்னபோது சகலையும் இருந்தார். நான் அவரைத்தான் பார்த்தேன். சம்பந்தியைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை, சகலையைப் பார்த்தேன். "என் பொண்ணு என் வண்டியிலதான் மண்டபத்துல எறங்குவா. எழுதி வெச்சிக்கங்க," என்று சத்தமாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் இரண்டு கார்களுக்கும் பதினைந்து வருஷம் முடிந்தது. பதினைந்து முடிந்தால் வண்டியைக் கொண்டுபோய் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, ஓடுகிற நிலையில் இருக்கிறது என்று எழுதி வாங்கினால்தான் ஆர்.சி.யைப் புதுப்பிப்பார்கள். கூடப் பிறந்த வண்டிகள் அல்லவா, இரண்டுக்கும் ஒரே நாள். நான் இரண்டு கோட்டு மெழுகு போட்டுப் போனேன். சகலை துணியால் ஒரு துடை துடைத்துக்கொண்டு வந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் முதலில் வெள்ளைக் காரைப் பார்த்தார். லைட், பிரேக், புகை எல்லாம் பார்த்தார். குனிந்து அடியில் டார்ச் அடித்தார். "என்னங்க இவ்ளோ ஆயில்?" என்று முகத்தைச் சுளித்தார். ஒரு இடத்தில் கர்ச்சீப்பால் துடைத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையெழுத்துப் போட்டார். துடைத்த இடத்தில் ஷோரூமில் பூசிய கறுப்புப் பூச்சு அப்படியே இருந்ததை நானும் குனிந்து பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

அடுத்தது என்னுடையது. "வண்டி சூப்பரா வெச்சிருக்கீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். சகலைக்குக் கேட்டிருக்குமா என்று திரும்பிப் பார்த்தேன். அதற்குள் இன்ஸ்பெக்டர் குந்தி உட்கார்ந்து, முன்கதவுக்குக் கீழே, ஏறும்போது கால் வைக்கிற அந்த நீளமான பட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. அப்பளம் நொறுங்குகிற சத்தம்தான் கேட்டது. சிவப்பு பெயின்ட் ஒரு சில்லாக உடைந்து அவர் ஷூவின் மேல் விழுந்தது.

"இது தகரமே இல்லீங்க. வெறும் பெயின்ட்டுதான் நிக்குது," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கே பாவமாக இருந்தது. "இதுல குடும்பத்த ஏத்தாதீங்க. அடிச்சி வெல்டு வெச்சி எடுத்தாந்தா பாக்கலாம்."

அங்கிருந்து நேராக ஒரு டிங்கர் கடைக்குப் போனோம். சகலையும் கூடவே வந்தார். டிங்கர் வயதான பாய். காரை ஜாக்கியில் ஏற்றி, அந்தப் பட்டையை உளியால் ஒரே கீறாகக் கிழித்தார். உள்ளேயிருந்து துருவும் கூடவே வேறொன்றும் கொட்டியது. வெள்ளையாக, கட்டி கட்டியாக. பாய் அதை உள்ளங்கையில் அள்ளி என்னிடம் நீட்டினார்.

"க்யா சாப், என்னா இது? உப்பு மூட்டை ஏத்தற வண்டியா?"

ஒரு கட்டியை எடுத்துப் பார்த்தேன். சதுரம் சதுரமாக, ஓரம் மழுங்காமல், நல்ல படிகம். நாக்கில் வைத்தேன். உப்பு வாரத் தெரிந்த நாள் முதல் நான் நாக்கில் வைத்துப் பார்த்த உப்புதான். என் அளத்தில் என்ன செய்கிறேனோ அதைத்தான் பத்து வருஷமாக வாசலிலும் செய்திருக்கிறேன். தண்ணீரைப் பாய்ச்சினேன், துடைக்காமல் வெயிலில் நிறுத்தினேன், வற்றவிட்டேன். மறுநாள் காலையில் மறுபடியும் பாய்ச்சினேன். பாத்தியில் விளைந்ததை வாரி எடுத்தேன். காருக்குள் விளைந்ததை வாரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். உப்பு விளைவிக்கத் தெரியாத எவனும் இந்தக் காரை இப்படிக் கெடுத்திருக்க முடியாது.

"வெல்டு வெக்க தகரம் எங்க சாப் இருக்குது? எதுல ஒட்டறது? இந்த உடம்பு முடிஞ்சிபோச்சி," என்றார் பாய்.

சகலை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். 'அன்னைக்கே சொன்னேன்' என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் வெளியே போய்க் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். உடைந்த இடத்தைத் துப்பட்டா நுனியால் மூடிப் பார்த்தாள். "பரவால்லப்பா," என்றாள். பரவாயில்லை என்று அவள் முகத்தில் எங்கேயும் இல்லை. இந்தப் பெண் என்னிடம் கேட்டது இந்த ஒன்றைத்தான். அதையும் தினமும் காலையில் ஹோஸ் பைப்பைப் பிடித்து நானே கரைத்துவிட்டேன்.

பெண் அழைப்பு அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு வெள்ளைக் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. பூ கட்டியிருந்தார். அந்தப் பின்கதவு ஒடுக்கின்மேல் ஒரு பெரிய ரோஜாச் சரம். சகலை பட்டு வேட்டி கட்டியிருந்தார். நகக்கண் கறுப்பு மட்டும் போகவில்லை. இறங்கி வந்து சாவியை என் கையில் வைத்தார்.

"நீதான் ஓட்டணும்னு பாப்பா சொன்னா இல்ல. ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

மகள் பின்னால் அவள் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். நான் ஸ்டார்ட் செய்தேன். ஒரே திருப்பில் எடுத்துக்கொண்டது. கிளட்ச் வெண்ணெய். கியர் தானாக விழுந்தது. ஈ.சி.ஆரில் ஏறி எழுபதில் போகும்போது பின்சீட்டில் வளையல் குலுங்குவது கேட்டது. என் காரில் ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டு பக்கமும் என் சொந்தக்காரர்கள்போல உப்புக் குவியல்கள் வெள்ளை வெள்ளையாக நின்றன. மகளின் கல்யாணத்துக்குப் போகிற நேரத்தில் ஒரு தகப்பன் என்ன நினைக்க வேண்டுமோ அது எதுவும் என் மனதில் இல்லை. இந்த ஸ்டியரிங் ஏன் இப்படி இருக்கிறது, பதினைந்து வருஷ வண்டி ஏன் இப்படிப் போகிறது என்று வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அனுமந்தையைத் தாண்டும்போது என்னால் அடக்க முடியவில்லை. "எப்பிடிங்க இப்பிடி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். பத்து வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். குரல் எனக்கே சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

சகலை வெளியே பார்த்துக்கொண்டு சிரித்தார்.

"உண்மைய சொல்லட்டா? உன் மேல இருந்த வயித்தெரிச்சல்ல."

"என் மேலயா?"

"அன்னைக்கு எனக்கு செகப்புதான் வேணும். எங்க வூட்டுக்காரி செகப்புதான்னு சொல்லித்தான் அனுப்பிச்சா. நீ மொதல்ல கேட்டுட்ட. ஒடுக்கு வண்டிய எடுத்தாந்தேன்னு ஒரு மாசம் எங்கூட பேசல தெரியுமா? நீ தெனம் கழுவி வாசல்ல நிறுத்துவ. அந்தப் பக்கம் வந்தன்னா பாப்பேன், வயிறு எரியும். வூட்டுக்குப் போயி ஆயில் டப்பாவ எடுத்துக்கிட்டு நேரா வண்டிக்கு அடியில பூந்துடுவேன். மேல உன்ன மாதிரி பளபளன்னு வெக்க நம்மால ஆகாது. அடியில வுட்டுடக் கூடாதுன்னு இருந்தேன். பொம்மையார்பாளையத்துல தெரியாதவன் மாதிரி கேட்டுட்டு சொன்னேன் பாரு, தண்ணி ஊத்தாதன்னு. அதச் சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு வருஷம் மனசுல போட்டு வெச்சிருந்தேன் சகல. அவ்ளோ வயித்தெரிச்சல்."

பின்னால் அவர் மனைவி, "பேச்சப் பாரு, நல்ல நாளு அதுவுமா," என்று அதட்டினாள். மகள் சிரித்துவிட்டாள். "அப்பா, ரோட்டப் பாரு," என்றாள்.

நான் ரோட்டைப் பார்த்தேன். வானூருக்குத் திரும்புகிற இடம் வந்தது. இண்டிகேட்டரைப் போட்டேன், டிக் டிக் என்று சரியாக அடித்தது. இந்தப் பத்து வருஷமும் பொறாமையில் வெந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். இந்த மனிதருக்கும் என் அளவுக்கு இருந்திருக்கிறது. எனக்கு வந்தபோதெல்லாம் ஹோஸ் பைப்பை எடுத்தேன். அவருக்கு வந்தபோதெல்லாம் ஆயில் டப்பாவை எடுத்திருக்கிறார். பொறாமைப்படுவதைக்கூட என்னைவிட ஒழுங்காகச் செய்திருக்கிறார்.

மண்டபத்து வாசலில் மேளம் கொட்டினார்கள். இறங்கிப் போய் மகளுக்குக் கதவைத் திறந்துவிட்டேன். அந்த ஒடுக்கு விழுந்த கதவுதான். இழுத்ததும் சத்தமில்லாமல் திறந்தது. பெரியம்மா முதலில் இறங்கி வழிவிட, மகள் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போகும்வரை விடவில்லை.